ஐஸுக்குப் போன நோயாளி

ஜனவரி 15, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு கூத்து. போதகர் மார்லூஸ் பிரசங்கத்தில் சொல்லியிருந்தாள்: கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவது ஐக்கியம் ஆகாது, இந்த வருஷம் ஒவ்வொருவரும் சபையில் இன்னொருவரை உண்மையாகவே அறிந்துகொள்ள வேண்டும், ஒருவர் வீட்டு மேஜையில் இன்னொருவர் உட்கார வேண்டும் என்று. நல்ல பிரசங்கம்தான். சின்னப் பெண், ஆனால் நன்றாக வருகிறது அவளுக்கு. காபி ஊற்றி முடிப்பதற்குள் எல்லோரும் பையிலிருந்து தேதி டைரியை எடுத்துவிட்டார்கள். பாடகர் குழு யிட்ஸ்கெயும் ஆர்கன் வாசிக்கும் ஹோபெயும் என் பக்கத்தில் நின்றுதான் பேசினார்கள்.

"பிப்ரவரி எனக்கு முழுசா போச்சு."

"மார்ச்ல எனக்குப் பேரப்பிள்ளைங்க வருதுங்க."

கடைசியில் ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு முதல் ஐந்தே கால் வரை என்று முடிவானது. ஒருவரையொருவர் அறிய ஐந்தே காலுக்குமேல் நேரம் இல்லை. ஆறு மணிக்குச் சாப்பாடு, அதற்குள் விருந்தாளி கிளம்பிவிட வேண்டும் அல்லவா.

நான் டைரியை எடுக்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே ஊழியம் இருக்கிறதே: பூ. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் வைக்கிற பூங்கொத்தை ஆராதனை முடிந்ததும் நோயாளி வீட்டுக்கோ துக்க வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது. எட்டு வருஷமாக நான்தான். மணி அடி, பூவைக் கொடு, "சபையார் உங்களை நினைச்சுக்கிட்டாங்க" என்று சொல், திரும்பு. கோட்டைக் கழற்ற வேண்டியதில்லை. இந்த ஊழியத்தை நான் ஏற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

பெஞ்சில் என் இடது பக்கம் வழக்கம்போல வீர்ஸ்மா அம்மா, மதகு பார்த்துக்கொண்டிருந்தவரின் விதவை. பிரசங்கம் ஆரம்பித்ததும் ஒரு பெப்பர்மின்ட் நீட்டுவார். நான் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வேன். பிரசங்கம் நீண்டால் இன்னொன்று. பாட்டு வந்தால் தொண்டை கிழியப் பாடுவார், என் இடது காது அடைத்துவிடும். பதினோரு வருஷமாக எங்களுக்குள் இவ்வளவுதான்.

ஜனவரி 17, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனேன். நான், பஸ்ஸில். முப்பது வருஷம் டிரைவிங் பரீட்சை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை ஃபெயிலாக்கினவள், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் வளைவில் இன்டிகேட்டர் போடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் போடவில்லை. வாயைத் திறக்கவில்லை நான். எனக்கு அதுவே பெரிய உபவாசம்.

இரண்டு கண்ணிலும் புரை. முதல் கண்ணுக்கு பிப்ரவரி 9, வியாழக்கிழமை ஆபரேஷன். தான் சொல்லும் வரை காரைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். சரி என்றேன். வெளியே வந்ததும் நர்ஸ் கேட்டாள்: "கூட யாரு வருவாங்க? அன்னைக்கு ராத்திரி வீட்ல யாரு இருப்பாங்க?"

"யாரும் வேணாம். நான் தனியாத்தான் இருக்கேன்."

"அப்ப ஆபரேஷன் கிடையாதும்மா. ஆள் இல்லன்னா அந்தத் தேதிய வேற ஒருத்தருக்குக் குடுத்துருவோம். அப்புறம் கோடை கழிச்சுத்தான்."

சிரித்த முகத்தோடு சொன்னாள். பேரை அப்புறம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 18, புதன்

யாரைக் கேட்பது?

ஜனவரி 20, வெள்ளி

நியூசிலாந்திலிருந்து நின்கெ போன் செய்தாள். என் ஒரே மகள், உலகத்தின் அந்த மூலைக்குப் போய்க் குடித்தனம் பண்ணுகிறாள். விஷயத்தைச் சொன்னேன். "என்னம்மா நீ, நூத்தம்பது பேரு இருக்கிற சபைல ஒருத்தர் கெடைக்க மாட்டாங்களா? அத்தன பேருக்கும் பூ குடுத்திருக்கியே" என்றாள்.

கொடுத்திருக்கிறேன். பூ கொடுப்பது வேறு, "ஒரு ராத்திரி என் வீட்டில் இருங்கள்" என்று கேட்பது வேறு. கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஜெபத்தில் என் பெயர் வரும். நூற்றைம்பது தலையும் என் பக்கம் திரும்பும். ஐயோ பாவம் என்ற அந்தப் பார்வை. அப்புறம் பூ வரும். பூ கொண்டுபோகிறவளே நான்தான். நானே போய் என் வீட்டு மணியை அடித்து, நானே கதவைத் திறந்து, "சபையார் உன்னை நினைச்சுக்கிட்டாங்க, ரென்ஸ்கெ" என்று சொல்லிக்கொள்ளவா?

ஐயோ பாவம் என்று பேர் வாங்குவதற்குக் குருடியாகவே இருந்துவிட்டுப் போகலாம். ஆண்டவரே, இந்த வரியை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளும்.

ஜனவரி 22, ஞாயிறு

இன்று கேட்டுவிடுவது என்று போனேன். யிட்ஸ்கெ நல்லவள், கார் வைத்திருக்கிறாள், நான்தான் பாஸ் போட்டேன். காபிக் கோப்பையோடு அவளிடம் போய், "யிட்ஸ்கெ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். அவள் முகம் மலர்ந்து, "நானும் உங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன், ஆபீஸரம்மா" என்றாள். ஊரில் எனக்கு அதுதான் பெயர். சபை விற்பனை விழாவுக்கு மூன்று ஆப்பிள் கேக் செய்து தருவேனா என்றாள். தருகிறேன் என்றேன். "நீங்க என்னமோ கேக்கணும்னீங்களே?" என்றாள். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

காபிக்கு நான் சர்க்கரை போடுவதே இல்லை.

பிப்ரவரி 1, புதன்

ராத்திரி மைனஸ் பன்னிரண்டு. வாய்க்கால் முழுக்க உறைந்து இறுகிவிட்டது. ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடைக்காரன் ரொட்டி கொடுக்கும்போது விலை சொல்லவில்லை, ஐஸ் எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னான்.

பிப்ரவரி 4, சனி

ஏரிச் சுற்று அறிவித்துவிட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பி மூன்று ஏரி, பட்டணத்து வாய்க்கால் எல்லாம் ஐஸ் மேலேயே ஸ்கேட் மாட்டிச் சுற்றித் திரும்புகிற பெரிய சறுக்கோட்டம். முழுசாக முடித்தால் பதக்கம். பதினைந்து வருஷமாக ஐஸ் சரியாகப் பிடிக்காமல் நடக்கவே இல்லை. இப்போது நடக்கப் போகிறது. வருகிற வியாழக்கிழமை.

என் வியாழக்கிழமை. சறுக்கத் தெரிந்தவன் சறுக்கப் போவான், தெரியாதவன் கரையில் நின்று சூப் ஊற்றப் போவான். இனி யாரைப் போய்க் கேட்பேன்? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

பிப்ரவரி 5, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. கோபமும் இருக்கிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் வீர்ஸ்மா அம்மாவின் இடம் காலி. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மூப்பர் கெர்பன் வந்து குனிந்து, "ஹிஸ்கெம்மா எங்க?" என்றான். அவரை ஊரில் ஹிஸ்கெம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு என்ன தெரியும்? "முடியாம இருக்கும். இல்லன்னா வராம இருக்க மாட்டாங்களே" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது கெர்பன் வாயிலிருந்து மார்லூஸ் காதுக்குப் போவதற்குள் என்னவெல்லாம் ஆனதோ, அவள் ஜெபத்தில் "வியாதிப்படுக்கையில் இருக்கும் எங்கள் சகோதரி ஹிஸ்கெயை உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம்" என்றாள். என் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பூவும் ஹிஸ்கெக்கே என்று முடிவானது.

மத்தியானம் பூவோடு போனேன். முன்வாசல் மணியை அடித்தேன், பதில் இல்லை. மறுபடி அடித்தேன். கட்டிலோடு விழுந்து கிடக்கிறாரோ என்று பயம் வந்துவிட்டது. பனியில் வழுக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். அந்த வாய்க்கால் மேல், முதுகில் கை கட்டிக்கொண்டு, வாயில் ஆரஞ்சுச் சுளையோடு, வியாதிப்படுக்கை சறுக்கிக்கொண்டு வருகிறது. புருவத்தில் பனி. கன்னம் தக்காளி. கரையில் கால் வைத்து நின்று என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார்.

"பூ யாருக்கு ஆபீஸரம்மா?"

"உங்களுக்குத்தான். சபையே உங்களுக்காக ஜெபம் பண்ணியிருக்கு."

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு ஐஸில் ஆட்டமா, எழுபத்தொரு வயதில், நான் இங்கே பூவைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழப் பார்க்க — நன்றாகவே கேட்டேன்.

"பதினஞ்சு வருஷமா இந்த மாதிரி ஐஸ் வரல. அடுத்தது எப்பன்னு எனக்குத் தெரியாது. ஆண்டவர் அனுப்பின ஐஸ், அவர் நாள்லயே வந்திருக்கு. வேணாம்னு திருப்பி அனுப்பவா?" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஐயையோ, கெர்பன் நாளைக்கு நோயாளி விசாரிக்க வருவானே."

சூப் இருக்கிறது, உள்ளே வாருங்கள் என்றார். வாசலோடு போகிறவள் நான். ஆனால் கால் விறைத்துப்போயிருந்தது. கோட்டைக் கழற்றினேன். கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியான பட்டாணி சூப், கறுப்பு ரொட்டி, பன்றி இறைச்சி. ஆறு மணி நெருங்கியதும் மரியாதையாக எழுந்தேன். "உக்காருங்க, இன்னும் சட்டில பாதி இருக்கு" என்று தட்டைப் பிடுங்கினார். ஒருவர் வீட்டில் ஆறு மணி தாண்டி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் கேட்டார், "கண்ணு எவ்வளவு மோசம்?"

"என் கண்ணுக்கு என்ன?"

"போன நவம்பர்லருந்து நீங்க பாட்டுப் புஸ்தகத்தத் திறக்கறதே இல்ல. நான் ஒரு வரி பாடினா கேட்டுட்டு அப்புறம்தான் பாடறீங்க. அதான் நான் கொஞ்சம் சத்தமாவே பாடறேன்."

இவர் கத்துகிறார் என்று நான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்காகப் பாடியிருக்கிறார். ரொட்டியை மென்றேன். பிறகு என்னை அறியாமலே எல்லாம் வெளியே வந்துவிட்டது: ஆபரேஷன், வியாழக்கிழமை, கூட ஆள் வேண்டும், ஆள் இல்லை.

வியாழக்கிழமை என்றதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சுவரில் ஆணியில் அவருடைய எண் போட்ட துணி, ஏரிச் சுற்றுக்கு முதுகில் மாட்டிக்கொள்வது, தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்களைக் கேக்கல. நான் தேதிய மாத்திக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினேன். அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

ஏன் சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு சூப்பைக் குடித்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 6, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யக் கையை வைத்தேன், போன் அடித்தது. ஹிஸ்கெ. "கெர்பன் பத்து மணிக்கு வர்றான். எனக்குத் தனியா நோயாளியா இருக்கத் தெரியாது. வாங்க."

போனேன். பொய்க்குத் துணை போகவில்லை, வேடிக்கை பார்க்கப் போனேன். கழுத்துவரை போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐஸ் காற்று பட்டுக் கன்னம் இன்னும் சிவந்து உரிந்து கிடந்தது. கெர்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து அவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டான்.

"காய்ச்சல் எப்படி அடிக்குது பாருங்க. மூஞ்சியே வெந்துபோச்சு" என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

"நேத்து ரொம்ப அலைச்சல் அவங்களுக்கு" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கெர்பனுக்குச் சின்னதாக ஜெபிக்கத் தெரியாது. கண்ணை மூடி ஆரம்பித்தான். சரீர சுகம், ஆத்தும சுகம், தூக்கம், பசி, வைத்தியரின் கைகள். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஹிஸ்கெ நெளிந்துகொண்டிருந்தார். "இந்த வேதனையின் நேரத்திலும் உம்முடைய பிள்ளை பொறுமையோடு" என்று அவன் வந்த இடத்தில் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"நிறுத்துடா கெர்பா. ஆண்டவர்கிட்ட போய் இப்படிச் சொல்லாத. எனக்கு ஒண்ணுமில்ல. நேத்து ஐஸ்ல இருந்தேன்."

கெர்பன் கண்ணைத் திறக்க நேரம் எடுத்தது. ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினான். மூப்பர், சபையின் கண்காணிப்பாளர், ஞாயிறை மீறின சகோதரியைப் பார்த்தான். வரப்போகிற கண்டிப்பை எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பெரிய பாலத்துக்கு அடியில தாங்குதா?" என்றான்.

"தாங்குது. ஓரமாப் போகணும்."

"நடு ஏரியில?"

"கண்ணாடி."

பெருமூச்சு விட்டான். மாடு கறக்கிற வேலை இல்லாவிட்டால் அவனும் போயிருப்பான், அது முகத்தில் தெரிந்தது. "அடுத்த ஞாயிறு நான் சபைல என்னன்னு சொல்றது?" என்றான். "நானே சொல்லிக்கிறேன். நீ இதுக்குப் பதில் சொல்லு. ஆபீஸரம்மாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன். கூட ஆள் இல்லாம தேதிய விடப் பாக்கறாங்க" என்றார் ஹிஸ்கெ.

அப்படியே போட்டு உடைத்துவிட்டார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உன் குட்டு உடைஞ்சா என் குட்டையும் உடைக்கணுமா? யார் சொன்னது உன்கிட்ட சொல்லச் சொல்லி? வாய்வரை வந்தது. ஆனால் கெர்பன் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. யோசனையாகத் தலையைச் சொறிந்தான்.

"நான் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றேன். மாட்டை அண்ணன் பாத்துப்பான்."

"நீயா?" என்றேன். இவனை நான் நாலு தடவை ஃபெயிலாக்கியிருக்கிறேன். நாலாவது தடவை வாத்துக் குடும்பம் ஒன்று ரோட்டைக் கடந்தபோது.

"அஞ்சாவது தடவை வேற ஆபீஸர் பாஸ் போட்டாருல்ல" என்றான்.

"ராத்திரிக்கு நான் வந்துடறேன். சுற்று சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் ஹிஸ்கெ.

சரி என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காபி தேவைப்பட்டது. சொன்னேன். பிறகு நர்ஸுக்குப் போன் செய்து இரண்டு பெயரையும் சொன்னேன்.

பிப்ரவரி 8, புதன்

பயமாக இருக்கிறது. கண்ணில் கத்தி. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. கண்ணில் கட்டு.

கெர்பன் ஓட்டிய லட்சணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: ரவுண்டானாவில் மூன்றாவது கியர். நான் வாயைத் திறந்தபோது, "ஆபீஸரம்மா, இன்னைக்கு நீங்க நோயாளி" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

காத்திருக்கும் அறையில் தலைக்கு நெகிழித் தொப்பி மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். கெர்பன் டிராக்டர் விளம்பரப் புத்தகத்தில் மூழ்கிவிட்டான். அவனைக் குறை சொல்லக் கூடாது, நடுநடுவே "ஒண்ணும் ஆகாது" என்றான், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், யாரும் பார்க்கக் கூடாது என்று. ஆண்டவரே என்று மட்டும் வந்தது, அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

அப்போது நடைபாதையில் யாரோ காலுறையோடு நடந்து வருகிற சத்தம். முதுகில் அந்த எண் துணி, கழுத்தில் ஒன்றோடொன்று கட்டின ஸ்கேட் இரண்டும் மார்பில் இடித்துக்கொண்டு. நர்ஸ்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இந்த வாரம் ஊரே அப்படித்தான் நடக்கிறது. ஹிஸ்கெ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பிலிருந்து குளிர் அடித்தது.

"சுற்று என்னாச்சு?"

"பட்டணத்து வாய்க்கால்ல வந்துட்டிருந்தேன். பாலத்துக்கு மேல ஆஸ்பத்திரி தெரிஞ்சுது. இங்கதான் உக்காந்து பயந்துட்டிருப்பீங்கன்னு தோணிச்சு."

"நான் பயப்படல."

"அப்ப கைய எதுக்குத் தொடைக்கு அடியில வெச்சிருக்கீங்க?"

எடுத்தேன். பிடித்துக்கொண்டார். ஐஸ்கட்டி மாதிரி கை. திரும்பிப் போங்கள், இங்கே உங்களுக்கு வேலை இல்லை, ராத்திரிக்கு வந்தால் போதும் என்று சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். கையை மட்டும் விடவில்லை. நான்தான் விடவில்லை. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

உள்ளே கூப்பிடுகிற வரை உட்கார்ந்திருந்தார், வெளியே வருகிற வரையும் உட்கார்ந்திருந்தார். வெளியே இருட்டிவிட்டது. சுற்று முடியும் நேரம் தாண்டிவிட்டது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது ஹிஸ்கெயின் முகம். "உங்களுக்கு இத்தனை சுருக்கமா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வீட்டுக்குப் போய் உன் மூஞ்சியக் கண்ணாடில பாரு. என் சுருக்கத்த எண்ணினவளுக்கு இனிமே வாங்க போங்க கிடையாது" என்றாள்.

பார்த்தேன். அவள் சொன்னது சரி. சமையலறையிலும் இவ்வளவு தூசி இருக்கும் என்று நினைக்கவில்லை. அப்புறம் ஒன்று: குறட்டை விடுகிறாள், மதகைத் திறந்துவிட்ட மாதிரி.

பிப்ரவரி 11, சனி

மழை. காலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று. வாய்க்கால் மேல் தண்ணீர் நிற்கிறது, ஐஸ் சாம்பல் நிறமாகிவிட்டது. போயிற்று.

ஹிஸ்கெ வீட்டுக்குப் போனேன், கெர்பன் கொண்டுவிட்டான். ஜன்னலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிச் சுற்று. பதக்கம் இல்லை. அடுத்தது வர இன்னும் பதினைந்து வருஷம் ஆனால் அவளுக்கு எண்பத்தாறு. "என்னால போச்சு உனக்கு" என்றேன்.

"உன்னாலதான்" என்றாள். ஒளிக்கவில்லை. "வருத்தம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நான்தான வந்தேன், நீ கூப்பிடவா செஞ்ச?" என்றாள்.

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடம் இருந்தது போலத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

மார்லூஸ் முகமெல்லாம் சிரிப்பாக, "நம் சகோதரி ஹிஸ்கெ சுகமாகி வந்திருக்கிறார்கள், கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார்" என்று ஆரம்பித்தாள். கெர்பன் கூரையைப் பார்த்தான். ஹிஸ்கெ எழுந்தாள்.

"நான் நோயாவே இல்ல. போன ஞாயிறு ஐஸ்ல இருந்தேன். உங்க ஜெபத்துக்கு நன்றி, கீழ விழாம வந்தேன்."

பிறகு பின்பெஞ்சில் ஆர்கன் ஹோபெயின் மனைவி, "நாங்க மத்தியானம்தான் போனோம்" என்றாள். யாரும் கேட்கவில்லை அவளை. "நாங்களும்" என்றது இன்னொரு குரல். மார்லூஸ் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

என்ன பிடித்ததோ எனக்கு, நானும் எழுந்துவிட்டேன். நூற்றைம்பது தலையும் திரும்பியது. "எனக்கு ஒரு கண் ஆபரேஷன் ஆயிருச்சு. மார்ச்ல இன்னொண்ணு இருக்கு. ஜெபிக்கலாம், வேணாம்னு சொல்லல. ஆனா எனக்கு ஆளும் வேணும். கெர்பனைத் தவிர வேற யாராவது ஓட்டினா நல்லது."

சிரிப்பு அடங்கவே இல்லை. காபி நேரத்தில் யிட்ஸ்கெ என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குச் சர்க்கரை கேட்டப்பவே நினைச்சேன், உங்களுக்கு என்னமோ வேணும்னு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 15, வியாழன்

இரண்டாவது கண்ணும் முடிந்தது. ஹிஸ்கெ, யிட்ஸ்கெ, கெர்பன் மூன்று பேரும் வந்தார்கள். ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்று நர்ஸ் சொல்ல, வாசலில் பெரிய வாக்குவாதம். கடைசியில் நர்ஸ் மூன்று நாற்காலி போட்டாள். ஓட்டினது யிட்ஸ்கெ. நன்றாக ஓட்டுகிறாள். பின்சீட்டில் கெர்பன் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்ச் 20, செவ்வாய்

காரை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு விசேஷம் இல்லை. பாத்திரம் கழுவி வைத்தேன், நாளிதழ் படித்தேன், கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். மணி ஐந்தரை இருக்கும், ஹிஸ்கெக்குப் போன் போட்டேன்.

"வர்றியா? நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"எதுக்கு? கண்ணுல ஏதாவது?"

"இல்ல."

"யாருக்காவது முடியலையா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒரு காரணமும் இல்லை என்னிடம்.

"சும்மாதான்."

போனில் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இரு, அடுப்ப அணைச்சிட்டு வாசல்ல நிக்கறேன்" என்றாள்.